அபாச்சியை வாங்குவதா, சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்வதா? போலந்து எடுத்த முடிவு

2018 ஜூலையில் போலந்தின் அரசு ஆயுதக் குழுமமான பிஜிஇசட், இத்தாலியின் லியோனார்டோ நிறுவனத்தோடு ஒரு விருப்பக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது. ஏடபிள்யூ249 என்ற புதிய தாக்குதல் ஹெலிகாப்டரை வடிவமைப்பதிலும் தயாரிப்பதிலும் போலந்தும் பங்கெடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். நான்கு வருடம் கழித்து, 2022 செப்டம்பரில், அதே போலந்து அமெரிக்காவின் அபாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர் 96 வேண்டும் என்று அறிவித்தது. இடையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது, உக்ரைனும் போலந்தும் ஒரே எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள்.

ஒரு நாடு ஆயுதத்தை ரெடிமேடாக வாங்குவதா, இல்லை இன்னொரு நாட்டோடு சேர்ந்து பணமும் உழைப்பும் போட்டு உருவாக்குவதா என்ற கேள்வியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மனமாற்றத்தைப் பார்த்தாலே போதும். ராணுவ விஷயங்களில் பழக்கமே இல்லாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்த ஹெலிகாப்டரிலும் துப்பாக்கி மாட்டலாம்தானே, தாக்குதல் ஹெலிகாப்டர் என்று தனியாக ஒன்று எதற்கு? ஆள் ஏற்றும் ஹெலிகாப்டர் அகலமாக இருக்கும், பக்கவாட்டில் பெரிய கதவு, உள்ளே வரிசையாக இருக்கைகள். தாக்குதல் ஹெலிகாப்டர் ஒல்லி. இரண்டே பேர், ஒருவர் பின் ஒருவராக, பின்னால் இருப்பவர் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே நிற்பவன் குறிபார்க்க அதிக இடம் கிடைக்காது. மூக்கில் கேமராவும் இருட்டில் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கருவியும் இருக்கும். அபாச்சியில் அடியில் தொங்கும் 30 மில்லிமீட்டர் துப்பாக்கி, ஓட்டுபவரோ சுடுபவரோ தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பும். இரண்டு பக்கக் குட்டை இறக்கைகளில் டாங்கியை உடைக்கும் ஹெல்ஃபயர் ஏவுகணை 16 வரை மாட்டலாம். மரத்துக்கும் மேட்டுக்கும் பின்னால் தாழ்வாக ஒளிந்து நின்று, எட்டிப் பார்த்து, சுட்டுவிட்டு, மறுபடியும் ஒளிந்துகொள்வதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம் இது. போலந்தின் பெரும்பகுதி சமவெளி, டாங்கிகள் கூட்டமாக வருவதற்கு வசதியான நிலம், அதனால் அவர்களுக்கு இது முக்கியமான ஆயுதம்.

ஆனால் கையில் இருந்தவை சோவியத் காலத்து எம்ஐ-24கள், 1970களின் கடைசியில் வரத் தொடங்கியவை. டாங்கியை உடைக்கும் ஏவுகணைகளின் ஆயுள் முடிந்துபோய், ராக்கெட்டும் துப்பாக்கியும் மட்டும்தான் மிச்சம். அவற்றைச் செய்த நாடு ரஷ்யா, யாருக்குப் பயந்து ஹெலிகாப்டர் வைத்திருக்கிறார்களோ அதே நாடு. புதிதாக வாங்கும் திட்டத்துக்கு 'க்ருக்', அதாவது அண்டங்காக்கை, என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகு வருடங்கள் ஓடின, காகம் வரவில்லை.

"இப்போதே வாங்குவது" என்றால் எப்போது?

இந்த விஷயத்துக்குப் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். வாங்குகிறோம் என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் ஓட்டி வரலாம் என்று தோன்றும். போலந்து 2022 செப்டம்பரில் அறிவித்தது, அமெரிக்க அரசு 2023 ஆகஸ்டில் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது, சுமார் 1,000 கோடி டாலருக்கான ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் கையெழுத்தானது, முதல் ஹெலிகாப்டர் வருவதற்குக் குறித்த வருடம் 2028. ஆறு வருடம்!

இந்தியாவின் அனுபவத்தையும் பாருங்கள். விமானப்படைக்கு 22 அபாச்சி வாங்க 2015 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டோம், 2019 செப்டம்பரில் பதான்கோட் தளத்தில் முதல் எட்டு படையில் சேர்ந்தன, அடுத்த வருடமே 22ம் வந்து சேர்ந்துவிட்டன, சரி, அது நல்ல வேகம். அதே ஹெலிகாப்டரில் இன்னும் ஆறு தரைப்படைக்கு வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டோம், முதல் மூன்று ஹிண்டன் தளத்தில் இறங்கியது 2025 ஜூலையில். அவற்றுக்காக ஜோத்பூரில் 2024 மார்ச்சிலேயே படையணியைத் தொடங்கி வைத்திருந்தார்கள். ஆட்கள் இருந்தார்கள், ஹெலிகாப்டர் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வாடிக்கையாளர் என்றாலும் வரிசையில் எந்த இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துக் காலம் மாறிவிடுகிறது. அமெரிக்கத் தரைப்படைக்கும் மற்ற எல்லா நாடுகளுக்கும் அரிசோனா மாநிலத்தின் மீசா நகரத்துத் தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொன்று, ஹெலிகாப்டரை மட்டும் வாங்கி ஒன்றும் செய்ய முடியாது. விமானிகளுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் பயிற்சி, பயிற்சிக்கான சிமுலேட்டர், மாற்று எஞ்ஜின், ஏவுகணைகள், தரையில் வைத்துச் சோதிக்கும் கருவிகள் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை. பத்திரிகைகள் மொத்தத் தொகையை எண்ணிக்கையால் வகுத்து "ஒன்றின் விலை இவ்வளவு" என்று போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்தக் கணக்கு படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். பயிற்சியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனே சாட்சி. 67 அபாச்சி வாங்கினார்கள், பெரும்பாலானவற்றின் பாகங்களைத் தங்கள் நாட்டிலேயே பொருத்தித் தயாரித்தார்கள், ஆனால் பயிற்சிக்கான ஏற்பாடு தாமதமானதால் ஓட்ட ஆளில்லாமல் புத்தம் புது ஹெலிகாப்டர்களைக் கொட்டகையில் போட்டு வைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்? தெரிந்த பொருள் என்பதால்தான். அபாச்சி முதன்முதலில் பறந்தது 1975ல். வளைகுடாப் போர், ஈராக், ஆப்கானிஸ்தான் எல்லாம் பார்த்துவிட்டது. அதன் குறைகளைக் கண்டுபிடிப்பதற்கான விலையை வேறு யாரோ ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். போலந்து அதே 2022ல் அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கிகள் 250க்கும் ஒப்பந்தம் போட்டிருந்தது, தரையில் ஏப்ரம்ஸும் மேலே அபாச்சியும் சேர்ந்து சண்டையிடும் முறையை அமெரிக்கர்கள் பல வருடங்களாகப் பழகி வைத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்தே போலந்து வாங்குகிறது. ஆனால் இயந்திரத்தின் மென்பொருளைத் திறந்து மாற்றும் உரிமையை அது வாங்கவில்லை. நாளைக்குப் போலந்திலேயே ஒரு நல்ல ஏவுகணை செய்து அதை அபாச்சியில் மாட்ட வேண்டுமென்றால் அமெரிக்காவிடம் கேட்டுத்தான் செய்ய முடியும்.

சேர்ந்து செய்வது: கூட்டுக் கிணறு மாதிரி

அண்ணன் தம்பிகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கிணறு வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு நான்கில் ஒன்று என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் நெல் போடுகிறார், இன்னொருவருக்கு நிலக்கடலைக்கு இருபது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் இருந்தால் போதும். கிணற்றை யார் நிலத்துக்குப் பக்கத்தில் வெட்டுவது, எவ்வளவு ஆழம், எத்தனை குதிரைத்திறன் மோட்டார், யாருக்கு எந்தக் கிழமை முறை? பாதி வெட்டியபோது ஒருவர் "எனக்கு வேண்டாம், நான் தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்கிறேன்" என்று விலகினால் மீதிப் பேர் தலையில் மொத்தச் செலவும் விழும். கூட்டு உருவாக்கத்தின் எல்லாப் பிரச்சினையும் இதற்குள் இருக்கிறது.

1986ல் இத்தாலி, பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளும் இத்தாலியின் ஏ129 மங்குஸ்தா ஹெலிகாப்டரை மேம்படுத்தி 'டோனல்' என்ற பெயரில் ஒன்றைச் சேர்ந்து செய்வதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. 1990ல் அது உடைந்தது. பிரிட்டனும் நெதர்லாந்தும் அபாச்சி பக்கம் போய்விட்டன, ஸ்பெயின் பின்னால் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த டைகர் ஹெலிகாப்டரை வாங்கியது, இத்தாலி தன் மங்குஸ்தாவோடு தனியாக நின்றது. நான்கு வருடம் பேசியதற்கு மிச்சம் ஒரு காகிதம்.

டைகரின் கதையில் விஷயம் அதிகம், அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1984ல் தொடங்கின. இரண்டே வருடத்தில் செலவு எகிறி, 1986ல் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதே எண்ணிக்கையில் அபாச்சி வாங்கினால் ஜெர்மனிக்கு இன்னும் மலிவாக முடியும் என்றே அப்போது கணக்கு வந்தது. ஆனாலும் 1987ல் மறுபடி தொடங்கினார்கள். ஏனென்றால் அவர்கள் காப்பாற்ற நினைத்தது ஐரோப்பாவில் ஹெலிகாப்டர் செய்யும் திறனை. அந்தத் திறனை விட்டுவிட்டால் திரும்ப வளர்க்க ஒரு தலைமுறை ஆகும், இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை, உண்மையான கவலைதான்.

டைகர் முதலில் பறந்தது 1991 ஏப்ரலில். அதற்குள் பெர்லின் சுவர் விழுந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சோவியத் டாங்கிகளைத் தடுக்க என்று வரைந்த ஹெலிகாப்டர், தடுக்க வேண்டிய டாங்கிகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் வானத்தில் ஏறியது. முதலில் இரண்டு நாடுகளும் சேர்ந்து 427 வேண்டும் என்றன, பின்னால் ஆளுக்கு 80 என்று சுருக்கின, ஜெர்மனி அதையும் 57 ஆகக் குறைத்தது. இந்த எண்ணிக்கை சரிவதில்தான் கூட்டுத் திட்டத்தின் விலை ஏறுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்: வடிவமைத்துச் சோதிப்பதற்கான செலவு மட்டும் 4,000 ரூபாய், 400 செய்வதாகத் திட்டம் என்றால் ஒவ்வொன்றின் மேலும் 10 ரூபாய் விழும். 160தான் செய்கிறோம் என்றால் 25 ரூபாய். ஒரு போல்ட் கூட மாறவில்லை, விலை மட்டும் ஏறிவிட்டது. விலை ஏறியதால் இன்னும் குறைத்து வாங்குவார்கள், அதனால் இன்னும் ஏறும்.

தேவையில் வந்த வேறுபாடு இன்னும் மோசம். ஜெர்மனி கேட்டது டாங்கியை வேட்டையாடும் ஹெலிகாப்டர், சுழலிக்கு மேலே கேமரா வைத்து மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ரகம், மூக்கில் துப்பாக்கியே கிடையாது. பிரான்ஸ் கேட்டதில் மூக்கில் 30 மில்லிமீட்டர் துப்பாக்கி உண்டு. பெயர் ஒன்றுதான், இயந்திரம் இரண்டு. பின்னால் ஆப்கானிஸ்தானுக்குப் போனபோது டாங்கி எதுவும் இல்லாத அந்த மலைகளில் துப்பாக்கியின் அருமை தெரிந்தது, பிரெஞ்சு டைகரிடம் அது இருந்தது, ஜெர்மன் டைகர் பக்கத்தில் கூடு மாதிரி மாட்டிய துப்பாக்கியோடு சமாளித்தது. இன்றைக்கு பிரான்சும் ஸ்பெயினும் டைகரை மேம்படுத்தப் பணம் போடுகின்றன, ஜெர்மனி அதில் சேராமல் 2023 டிசம்பரில் ஆயுதம் மாட்டும் இலகு ரக எச்145எம் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டது. 1984ல் கைகோத்தவர்களில் ஒருவர் இப்படிக் கையை விட்டுவிட்டார்.

ஆஸ்திரேலியா 2001ல் 22 டைகர் வாங்கியதையும் இங்கே சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் கடையில் இருக்கும் பொருளை வாங்குவதாக நினைத்தார்கள், உண்மையில் அது அடுப்பில் பாதி வெந்துகொண்டிருந்த பொருள். முழுத் திறனோடு தயார் என்று 2016ல்தான் அறிவித்தார்கள். ஐந்தே வருடத்தில், 2021ல், அதற்குப் பதிலாக 29 அபாச்சி வாங்குவதாக முடிவாகிவிட்டது. அதனால் ரெடிமேட் என்று யாராவது சொன்னால், எந்த நாட்டுப் படையில் எத்தனை வருடமாகப் பறக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்.

சாவி யார் கையில்?

துருக்கி வேறு ஒரு வழியைப் பிடித்தது. 2007ல் இத்தாலியின் அதே மங்குஸ்தாவை அடித்தளமாக எடுத்து, தன் கணினி, தன் ஏவுகணை என்று உள்ளே மாற்றி, டி129 என்று தன் நாட்டிலேயே செய்தது. தனக்குப் போக வெளியிலும் விற்கலாம் என்ற உரிமையும் வாங்கிக்கொண்டது. 2018ல் பாகிஸ்தான் 30 வாங்க ஒப்பந்தம் போட்டது, 150 கோடி டாலர். ஆனால் எஞ்ஜின் அமெரிக்காவின் ஹனிவெல்லும் ரோல்ஸ் ராய்ஸும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துடையது. அதை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா உரிமம் தரவில்லை. பாகிஸ்தான் பலமுறை கெடு நீட்டிப் பார்த்துவிட்டு விலகியது, 2025 ஆகஸ்டில் சீனாவின் இசட்-10 ரகத்தைப் படையில் சேர்த்தது. அதே டி129ஐ பிலிப்பைன்ஸுக்கு விற்பதற்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஒரே ஹெலிகாப்டர், ஒரே எஞ்ஜின், யாருக்குப் போகலாம் யாருக்குப் போகக்கூடாது என்பதை மூன்றாவது வீட்டில் முடிவு செய்தார்கள்.

எனக்கு இந்த முழு விஷயத்திலும் முக்கியமாகப் படுவது இதுதான். வாங்கும்போது காலத்தை மிச்சப்படுத்துகிறோம். சேர்ந்து செய்யும்போது காலத்தைச் செலவழித்து, மாற்றவும் பழுது பார்க்கவும் விற்கவும் உரிமை சம்பாதிக்கிறோம். ஆனால் அந்த உரிமை தானாக வராது, ஒப்பந்தத்தில் எந்தப் பாகத்தின் வேலையை நாம் எடுத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்துத்தான் வரும். வால்பகுதித் தகட்டை வளைத்துக் கொடுப்பதற்கும் எஞ்ஜினிலோ, பறப்பைக் கட்டுப்படுத்தும் மென்பொருளிலோ பங்கெடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தியா இரண்டையுமே செய்தது. 1999 கார்கில் போரில் மலை உச்சியின் மெல்லிய காற்றில் பறந்து தாக்க நம்மிடமிருந்த எம்ஐ-35 தாக்குதல் ஹெலிகாப்டரால் முடியவில்லை, ஆள் ஏற்றும் எம்ஐ-17இல் ராக்கெட் மாட்டி அனுப்பினோம், ஒன்று ஏவுகணையில் வீழ்ந்தது, அதில் இருந்த நால்வரும் உயிரிழந்தார்கள். அந்த வலியில் பிறந்ததுதான் நம் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் செய்த பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர். 2010 மார்ச்சில் முதல் பறப்பு, 2022 அக்டோபரில் ஜோத்பூரில் படையில் சேர்ப்பு. கார்கிலிலிருந்து எண்ணினால் 23 வருடம். உள்நாட்டு ஹெலிகாப்டர்தான், ஆனால் அதன் 'சக்தி' என்ற எஞ்ஜின் பிரான்சின் டர்போமெகாவோடு (இன்றைய சாஃப்ரான்) சேர்ந்து உருவாக்கியது, நம் உயரங்களுக்கென்றே பொருத்தமாகச் செய்தது. கூட்டு முயற்சியை எங்கே வைத்தார்கள் பாருங்கள், முழு ஹெலிகாப்டரில் இல்லை, நம்மால் தனியாக முடியாத எஞ்ஜினில். காத்திருந்த காலத்தில் அபாச்சியை அளவாக வாங்கினோம், 28 மட்டும். 2025 மார்ச்சில் 156 பிரசண்டுக்கு 62,700 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். தென்கொரியாவும் கிட்டத்தட்ட இதையே செய்தது: 36 அபாச்சி வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் ஏர்பஸ்ஸோடு சேர்ந்து சிறிய ஆயுத ஹெலிகாப்டர் ஒன்றைத் தன் நாட்டிலேயே உருவாக்கியது.

இந்தக் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருப்பது டிரோன். உக்ரைனில் ரஷ்யாவின் காமோவ்-52 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் டஜன் கணக்கில் வீழ்ந்ததை உலகமே பார்த்தது. ஜப்பான் 2022 டிசம்பரில் தன் தாக்குதல் ஹெலிகாப்டர்களையே படிப்படியாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டு டிரோன்களை வைத்துக்கொள்வதாகத் தீர்மானித்தது. பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும் கூட்டுத் திட்டத்துக்கு இது பெரிய ஆபத்து, டைகருக்கு பெர்லின் சுவர் செய்ததை இதற்கு டிரோன் செய்துவிடலாம். இன்னொரு பக்கம், இன்று வரையத் தொடங்குபவர் டிரோனைக் கட்டளையிடும் வசதியை முதல் நாளிலிருந்தே வைத்து வரையலாம். ஏடபிள்யூ249 அப்படித்தான் யோசிக்கப்பட்டது.

சரி, போலந்துக்கு வருவோம். 2022ல் வாங்குவது என்று எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். பக்கத்து நாட்டில் குண்டு விழும்போது, முன்மாதிரியே அந்த ஆகஸ்டில்தான் முதன்முறை பறந்த ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் 96 என்பது அதிகம். அமெரிக்காவுக்கு வெளியே இவ்வளவு அபாச்சி வேறு யாரிடமும் கிடையாது, ஆரம்பத்தில் பேசப்பட்டதும் சுமார் 30தான். அவற்றை முப்பது வருடம் ஓட்ட வேண்டிய விமானிகளையும் எரிபொருளையும் பராமரிப்பையும் எண்ணிப் பாருங்கள்.

அதைவிட என்னை உறுத்துவது 2018க்கும் 2022க்கும் நடுவில் போன நான்கு வருடம். கடிதம் போட்டார்கள், பணம் போடவில்லை. அமைதிக் காலத்தில் எடுத்திருக்க வேண்டிய முடிவை எடுக்காமல் வைத்திருந்துவிட்டு, பயம் வந்த நாளில் மொத்தமாக வாங்கினார்கள். லியோனார்டோவுக்குச் சொந்தமான ஷ்விட்னிக் தொழிற்சாலை போலந்திலேயே இருக்கிறது, அங்கே ஹெலிகாப்டர் செய்யத் தெரிந்த தொழிலாளர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள், போலந்துப் படைக்கான 32 ஏடபிள்யூ149 ஆள் ஏற்றும் ஹெலிகாப்டர்கள் அங்கேதான் தயாராகின்றன. 30, 40 அபாச்சி வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் ஒரு பங்கை ஏடபிள்யூ249இல் போட்டிருந்தால், அதன் வடிவமைப்பு மேசையில் போலந்துக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கும்.

இப்போது போலந்து வாங்கிய ஹெலிகாப்டர்கள் வரும்வரை பழகுவதற்காக, அமெரிக்கத் தரைப்படையிடமிருந்து எட்டு பழைய அபாச்சிகளை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். 2025 ஜூனில் முதல் சில இனோவ்ரோட்ஸ்வாஃப் நகரத்துத் தளத்துக்கு வந்தன, எம்ஐ-24 ஓட்டியவர்கள் அவற்றில் கற்றுக்கொள்கிறார்கள். இத்தாலியில் ஏடபிள்யூ249 தொடர்ந்து பறந்துகொண்டிருக்கிறது, அந்த நாட்டுத் தரைப்படைக்குத் தேவையான 48ஐ நம்பி.